மலையேற்றம் வியாழக்கிழமையே தொடங்கிவிடுகிறது

வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடையின் மாடியில் எங்கள் மலையேற்றக் குழு கூடும். கீழே காலி வீதியின் இரைச்சல். மேலே இரண்டு நீள மேசைகளைச் சேர்த்துப் போட்டு, நடுவில் உளுந்து வடையும் பிளேன்டீயும். வங்கி வேலை முடிந்து கழுத்துப்பட்டியோடு வருபவர், கொட்டாஞ்சேனையில் பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு ஓடிவரும் தாய், புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் நானா, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை, பல்கலைக்கழக மாணவர்கள் சிலர். யாழ்ப்பாணத்தில் வேர் உள்ளவர்கள், மலையகத்தில் பிறந்தவர்கள், கொழும்பு முஸ்லிம்கள், தமிழ் நன்றாகக் கதைக்கும் சிங்கள நண்பர் ஒருவர் என எல்லாரும் கலந்த குழு. அடுத்த பயணத்தைத் திட்டமிட வருகிறோம் என்றுதான் பெயர். பாதி நேரம் யாருக்கு முழங்கால் வலி, யாருடைய தங்கைக்குக் கல்யாணம், யார் வேலை மாறுகிறார் என்பதிலேயே போய்விடும்.

"மலை ஏறுகிறவர்களுக்கு வாராவாரம் எதற்குக் கூட்டம்? வாட்ஸ்அப்பில் திகதியைப் போட்டால் போதாதா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போதாது. மலையில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் கண்டுகொள்பவர் அவரை நன்றாகப் பழகித் தெரிந்தவர்தான். அந்தப் பழக்கத்தை மேலே போய் உண்டாக்கிக்கொள்ள நேரம் கிடைக்காது. கொழும்பில், வடைத் தட்டைச் சுற்றி, அது மெல்ல மெல்ல உண்டாக வேண்டும்.

கிரிகல்பொத்தையில் நடந்ததைச் சொல்கிறேன். 2,388 மீற்றர் உயரம். இலங்கையின் இரண்டாவது உயர்ந்த மலை. முதலாவதான பிதுருதலாகலை 2,524 மீற்றர் என்றாலும் அதன் உச்சி பாதுகாப்பு வலயம், நடந்து ஏற விடமாட்டார்கள். ஆகவே எங்களைப் போன்றவர்கள் சொந்தக் காலால் எட்டக்கூடிய ஆக உயரமான இடம் கிரிகல்பொத்தைதான். ஹோர்ட்டன் சமவெளிக்குள் இருக்கிறது. 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போகும் பாதையில் உள்ள கூட்டம் இங்கே கிடையாது. போகவர பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல், சேறும் ஓடையும் குட்டை மூங்கில் புதரும், நடுநடுவே செம்பூப் பூத்த ரோடோடென்ட்ரன் மரங்களுமாக நீளும் வழி.

அன்று காலை வெளிச்சமாகத்தான் தொடங்கியது. பத்து மணிக்குப் பிறகு முகில் இறங்கியது, தூறல் பிடித்தது, காற்றும் கூடவே வந்தது. எங்கள் குழுவில் வாய் ஓயாமல் கதைக்கும் தங்கை ஒருத்தி உண்டு. வேனில் ஏறினால் அவிசாவளை வரை அவள் குரல்தான் கேட்கும். அன்று ஓடையொன்றைத் தாண்டிய பிறகு அவள் குரல் கேட்கவில்லை. அதைக் கவனித்தவர் ஆசிரியை. பின்னால் போய், "ஏன் பிள்ளை, பேச்சையே காணோம்?" என்றார். "ஒன்றுமில்லை டீச்சர், கொஞ்சம் குளிர்கிறது" என்றாள். டீச்சர் பையிலிருந்து ஒரு டொபியை எடுத்து நீட்டினார். தங்கை அதன் தாளைப் பிரிக்கப் பார்த்தாள். பெருவிரலும் சுட்டுவிரலும் தாளின் முறுக்கைப் பிடிக்க முடியாமல் வழுக்கின. மறுபடி முயன்றாள். பிறகு, "பிறகு சாப்பிடுகிறேன்" என்று அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டீச்சர் எங்களைப் பார்த்து, "திரும்புகிறோம்" என்றார். உச்சிக்கு ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. ஒருவரும் வாதாடவில்லை. பெண்கள் சுற்றி நின்று ஒரு போர்வையை மறைவாகப் பிடிக்க, தங்கை ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்த கம்பளிச் சட்டையைப் போட்டாள். தலைக்குத் தொப்பி. பிளாஸ்கில் இருந்த இனிப்புத் தேநீரை வாய் வாயாகக் குடிக்க வைத்தோம். இருவர் நடுவில் அவளை நடத்தி இறங்கினோம். அரை மணி நேரத்தில் அவள் மறுபடி கதைக்கத் தொடங்கியபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

குளிரால் உடல் வெப்பம் இறங்குவது பனி பெய்யும் நாட்டுக்காரரின் பிரச்சினை என்று கொழும்பில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். கொழும்பில் 30 பாகை என்றால் கிரிகல்பொத்தையில் பகலிலேயே 15ஐ ஒட்டித்தான் இருக்கும். அதில் நனைந்த பருத்திச் சட்டையும் காற்றும் சேர்ந்தால் உடம்பு தாங்காது. வழக்கமாகப் பேசுபவர் மௌனமாவது, விரல்கள் சொன்னபடி கேட்காதது, சமதரையில் தடுமாறுவது, எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்று ஒதுங்குவது ஆகியவை முதல் அறிகுறிகள். இவற்றில் முதலாவதை அறிமுகமில்லாதவரால் கண்டுபிடிக்கவே முடியாது. அவள் இயல்பிலேயே அமைதியானவள் என்று நினைத்துவிடுவார். அதனால்தான் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு தடவையாவது வராத ஒருவரை நாங்கள் உயர்ந்த மலைகளுக்குக் கூட்டிப் போவதில்லை. சிலருக்கு இது கோபத்தைக் கொடுத்திருக்கிறது. அந்த விதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

திரும்பும் வழியில் வேனுக்குள் தங்கை அழுதாள், தன்னால் எல்லாருக்கும் உச்சி போயிற்று என்று. அப்போது புறக்கோட்டை நானா யொஹான் பீரிஸின் கதையைச் சொன்னார். 2016 மே 21ஆம் திகதி ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். அவரோடு போன யொஹான் பீரிஸ் 8,400 மீற்றர் அளவில் திரும்ப நேர்ந்தது. நானூற்றுச் சொச்சம் மீற்றர்தான் மிச்சம். இரண்டு வருடம் கழித்து, 2018 மே மாதத்தில், மறுபடி போய் உச்சியில் நின்றார். "அவர் அங்கிருந்தே திரும்பினார் மகள். நமக்குக் கிரிகல்பொத்தை அடுத்த வருடமும் அங்கேதான் நிற்கும்" என்றார் நானா. அடுத்த ஆண்டு அவள் ஏறினாள்.

ஆண்டுத் திட்டம் போடும் கூட்டம் டிசம்பரில். அன்று வடை இரண்டு மடங்கு செலவாகும். மேசையில் போயா விடுமுறைப் பட்டியல், பாடசாலைப் பரீட்சைத் திகதிகள், ரமழான், நவராத்திரி, திருவிழாக்கள் எல்லாம் விரிந்திருக்கும். அவற்றின் மேல் இரண்டு பருவக்காற்றுகளையும் பொருத்த வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அட்டன், சிவனொளிபாதமலை, கித்துல்கலைப் பக்கத்தை நனைக்கும்; அப்போது பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல போன்ற கிழக்குச் சரிவுகள் காய்ந்திருக்கும், காற்று மட்டும் பலமாக அடிக்கும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்றில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் ஊறிக் கிடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவுகளுக்குப் போகலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை நிச்சயம் என்று வைத்துக்கொண்டு, நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும். வெட்டவெளி மலைமுதுகில் மின்னலுக்கு ஆக உயரமான பொருள் நாம்தான்.

இந்த ஆண்டுகளில் ரமழான் பெப்ரவரி, மார்ச்சை ஒட்டி வருகிறது. மேற்குச் சரிவுக்கு நல்ல காலமும் அதுதான். ஆனாலும் நோன்பு பிடிப்பவர்களை விட்டுவிட்டுப் பெரிய மலைக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த மாதத்தில் நோன்பு திறந்த பிறகு காலிமுகத்திடலில் இரவு நடை. நானாவின் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி பெரிய பாத்திரத்தில் வரும். நடை என்று சொன்னாலும் அன்று நடப்பது குறைவு, உட்கார்ந்து கதைப்பது அதிகம். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்த பிறகே வேன் புறப்படும். ஒரு மணி நேரம் தாமதம்தான். அதனால் ஒரு குழு குழுவாக இருக்கிறது.

சிவனொளிபாதமலைக்குப் பருவகாலம் டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை. போயா இரவிலும் நீண்ட வார இறுதியிலும் படிகளில் நெரிசல் நகரவே விடாது. நாங்கள் சாதாரண வாரநாளில் ஒரு நாள் விடுமுறை போட்டுப் போகிறோம். நல்லதண்ணிப் பாதையில் 5,000க்கு மேற்பட்ட படிகள், ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற்றம். நேரத்தைக் கணக்கிட வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன விதியைப் பயன்படுத்துகிறோம்: ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி, அதன் மேல் ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் ஒரு மணி. ஆறு கிலோமீற்றர், ஆயிரம் மீற்றர் ஏற்றம் என்றால் மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. எங்கள் வெக்கைக்கும் அம்மாமாரின் முழங்காலுக்கும் பாதி நேரத்தைக் கூட்டிக்கொண்டால் நாலரை மணி. பலர் இரவு பத்து மணிக்கே ஏறத் தொடங்கி இரண்டரைக்கு மேலே போய்விடுகிறார்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடு, 2,243 மீற்றர் உயரத்துக் காற்றில், சூரியன் உதிக்க மூன்று நான்கு மணி நேரம் நடுங்குவதற்கா இத்தனை பாடு? இரவு ஒரு மணிக்குப் புறப்படுங்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே சட்டையை மாற்றுங்கள். மலையின் முக்கோண நிழல் மேற்கே முகிலின் மேல் விழுவதைப் பார்க்கச் சூரிய உதயத்துக்குப் பிறகும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பலர் உதயத்தைப் படம் பிடித்தவுடனே இறங்கி, மறுபக்கம் நடக்கும் அந்த அதிசயத்தைக் காணாமலே போய்விடுகிறார்கள்.

இனி ஓட்டுநரைப் பற்றி. நான் ஆக அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். இரவெல்லாம் மலையேறிவிட்டு வேனில் தூங்கிக்கொண்டே கொழும்புக்கு வருவது நமக்குச் சுகம். நம்மோடு சேர்ந்து ஓட்டுநரும் ஏறியிருந்தால்? அட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக அவிசாவளைக்கு இறங்கும் ஏ7 வீதி முழுக்க வளைவு. அதில் கண்ணயர்ந்த ஓட்டுநரோடு இறங்குவது எந்தப் பாறை முகப்பை விடவும் ஆபத்தானது. எங்கள் குழுவில் வேன் பேசும்போதே ஓட்டுநருக்கு அறை வாடகையையும் சாப்பாட்டையும் கணக்கில் சேர்த்துவிடுவோம். அவர் ஏற ஆசைப்பட்டால் இன்னொரு நாளைக்கு விருந்தினராகக் கூட்டிப் போவோம். வேலைக்கு வந்த அன்று அவர் தூங்க வேண்டும். இறங்கும்போது முன் ஆசனத்தில் இருப்பவர் தூங்கக் கூடாது என்பதும் விதி. அந்த ஆசனத்துக்கு வாய் ஓயாத தங்கையைவிடப் பொருத்தமானவர் கிடையாது.

ரயிலில் போவதானால் மலைநாட்டுப் பாதையின் முன்பதிவு முப்பது நாட்களுக்கு முன்னால் திறந்ததும் தீர்ந்துவிடும். ஒருவரை அதற்கென்றே பொறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

காசு விடயத்தில் வெட்கப்படாமல் வெளிப்படையாக இருப்பது நல்லது. எங்கள் பொருளாளர் ஒரு கொப்பியில் எழுதி, பயணத்துக்கு அடுத்த வியாழக்கிழமை சத்தமாக வாசிப்பார். வேன் இவ்வளவு, நுழைவுச்சீட்டு இவ்வளவு, மரக்கறி இவ்வளவு. கடைசி நேரத்தில் வராமல் போனவரும் வேன் பங்கைக் கொடுத்தாக வேண்டும். மிச்சப் பணம் பொது நிதிக்குப் போகும். கையில் காசில்லாத மாணவருக்கு அதிலிருந்து போடுவோம்; யாருக்குப் போட்டோம் என்பது மட்டும் அந்தக் கொப்பியில் எழுதப்படாது.

சாப்பாடுதான் எனக்கு ஆகப் பிடித்த பகுதி. தேங்காய்ச் சம்பல் வெயிலில் நண்பகலுக்குள் புளித்துவிடும். மாசிக் கருவாடும் மிளகாயும் போட்டு இடித்த கட்டைச் சம்பல் தாங்கும். இடியப்பம் காய்ந்து நூலாகிவிடும். ரொட்டி அடுத்த நாளும் தின்னலாம். சோற்றுப் பார்சலை வாழையிலையில் கட்டி, வெளியே பழைய துணியால் சுற்றினால் ஹோர்ட்டன் சமவெளி வாயிலில் ஒரு சிக்கலும் இல்லை. அங்கே பைகளைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், பிஸ்கட் உறையைக்கூட. அவர்கள் செய்வது முழுக்கச் சரி. வாசலில் நின்று வாதாடுபவர்கள், மரைகளின் வயிற்றுக்குள் பொலித்தீன் போனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். வீட்டிலேயே எல்லாவற்றையும் டப்பாக்களுக்கு மாற்றிவிட்டால் அந்த வாக்குவாதமே வராது. தண்ணீர் ஆளுக்கு இரண்டரை லீற்றராவது வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடை நீரைக் கொதிக்க வைத்தாலும் குடிக்க வேண்டாம்: கிருமி சாகும், தோட்டத்துக்குத் தெளித்த மருந்து போகாது.

மதியம் ஒரு பாறையில் துணியை விரித்து எல்லா டப்பாவையும் திறக்கும்போது, கொட்டாஞ்சேனை மீன் கட்லெட், வெள்ளவத்தைப் புளிச்சாதம், நானா வீட்டு வட்டிலப்பம் என்று ஒரு கொழும்பே அந்தத் துணியில் இருக்கும். யாருடைய டப்பா முதலில் காலியாகிறது என்பதை வைத்து அடுத்த வியாழக்கிழமை முழுக்கப் பேச்சு.

அட்டைக்குப் பயந்து வராமல் இருப்பவர்கள் உண்டு. சவர்க்காரக் கட்டியை உலர்ந்தபடியே காலுறையின் மேல் நன்றாகத் தேய்த்துவிட்டு, காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் பெரும்பாலானவை ஏறாது. ஏறினால் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுத்துவிடலாம். அட்டையால் ஆபத்து இல்லை. குளவி அப்படியல்ல. குளவிக்கொட்டுக்கு இலக்காகித் தோட்டத் தொழிலாளர்கள் இறந்த செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வர வேண்டாம், மரங்களின் கீழ்க் கூச்சலிட வேண்டாம், ஒலிபெருக்கி கொண்டு வரவே வேண்டாம். கூடு கலைந்தால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல் விலகி ஓட வேண்டும். பல இடங்களில் கொட்டு வாங்கியவரையும் மூச்சு வாங்குபவரையும் தாமதிக்காமல் 1990 அம்பியுலன்ஸுக்கு அறிவித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் ஒவ்வொருவரின் கழுத்திலும் தொங்கும் தகவல் அட்டையில் இரத்த வகை, ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண் மூன்றும் இருக்கும். அந்தப் படிவத்தை நிரப்புவதும் வியாழக்கிழமை வேலைதான். மேசையைச் சுற்றிக் கொடுத்தால் சிரிப்போடு நிரம்பிவிடும்.

வரைபடம் டீச்சரின் பொறுப்பு. நாரஹேன்பிட்டியில் கிருள வீதியில் உள்ள நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள்களை அவர் மேசையில் விரித்து, சாதாரண தரத்தில் நாங்கள் மனப்பாடம் செய்து மறந்துபோன சமவுயரக் கோடுகளை மறுபடி சொல்லித் தருவார். நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மென்சாய்வு. அன்று புள்ளிக்காகப் படித்தது இன்று காலுக்கு உதவுகிறது. தொலைபேசியின் மின்கலம் குளிரில் சீக்கிரம் இறங்கும், பள்ளத்தாக்குகளில் அலைவரிசையும் கிடைக்காது. தாளுக்கு இரண்டும் தேவையில்லை. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் ஆறரை, ஏழுக்குள் இருட்டிவிடும், அந்தி என்று நீண்ட நேரமும் கிடைக்காது. எனவே எங்கே இருந்தாலும் பிற்பகல் ஒரு மணிக்குத் திரும்பத் தொடங்குவது எங்கள் வழக்கம். அந்த நேரத்தைப் புறப்படும் முன்பே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுவோம். மேலே போய் முடிவெடுத்தால் உச்சி கண்ணுக்குத் தெரியும்போது ஒருவருக்கும் மனம் வராது.

மண்சரிவு எச்சரிக்கைகளை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் வெளியிடுகிறது. மஞ்சள் வந்தாலே எங்கள் பயணம் நிற்கும். முன்கூட்டிக் கொடுத்த பணம் போனாலும் போகட்டும். 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் ஒரு மலைச்சரிவு கிராமங்களை மூடியதை எங்கள் தலைமுறை மறக்காது. பிறகு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலைநாடு முழுவதும் சரிந்தது போலிருந்தது. வீதி, ரயில் பாதை, லயன் வீடுகள் என்று எதையும் அது விட்டுவைக்கவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒருவரும் வடையைத் தொடவில்லை. நாங்கள் நடந்த தோட்டங்களின் பெயர்களை டீச்சர் ஒரு தாளில் எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, அங்கே எங்களுக்குத் தேநீர் கொடுத்தவர், வழி காட்டியவர், மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்தவர் யார் என்று கேட்டு, எண் இருந்தவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராக அழைத்தோம். சிலர் எடுத்தார்கள். சிலரின் தொலைபேசி பல நாட்கள் ஒலிக்கவில்லை. எங்களுக்கு மீட்புப் பணி தெரியாது, தெரியாததைச் செய்யப் போனால் இடைஞ்சல்தான். கொழும்பில் இருந்தபடி உலர் உணவும் சானிட்டரி நப்கினும் பால்மாவும் சேர்த்துப் பொதி கட்டினோம். எந்தப் பொருள் எந்தப் பாதையால் போய்ச்சேரும், எந்தத் தோட்டத்துக்கு வேன் போகாது, எங்கே தலைச்சுமையாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது நடந்து பழகிய எங்களுக்குத் தெரிந்திருந்தது. பொதிகளைக் கொண்டு சென்றவர்களிடம் அதைத்தான் எழுதிக் கொடுத்தோம்.

அதிலிருந்து தோட்டங்களைக் கடக்கும்போது எங்கள் நடத்தையும் மாறியது. தேயிலை மலை ஒருவருடைய வேலைத்தளம். அலுவலகம் ஒன்றுக்குள் சொல்லாமல் புகுந்து, வேலை செய்பவரின் முகத்துக்கு நேரே கமராவை நீட்டுவோமா? கொழுந்து பறிக்கும் அக்காவிடம் முதலில் வணக்கம் சொல்லுங்கள், எந்த ஊரிலிருந்து வருகிறோம் என்று சொல்லுங்கள், படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். தோட்டத்துக்குள்ளே போக நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். நக்கிள்ஸ் வனத்துக்கு வனத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அங்கே மீமுரே போன்ற கிராமங்களில் எங்கள் சிங்கள நண்பர்தான் எங்களுக்காகக் கதைப்பார். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றர் அளவுக்கு நீளும் பீக்கோ நடைபாதையைப் பற்றி இப்போது உலகமே பேசுகிறது. அதன் பெரும்பகுதி தோட்டத் தொழிலாளர்கள் பரம்பரை பரம்பரையாகக் கொழுந்துக் கூடையோடு நடந்து போட்ட வழி. 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. எங்களில் சிலர் அதன் கடைசிப் பகுதியில் சேர்ந்து நடந்தார்கள். குழுவின் எல்லாப் பயணங்களிலும் அதைத்தான் பெரியதாக நினைக்கிறேன், அதில் ஏறுவதற்கு ஒரு சிகரமும் இல்லாவிட்டாலும்.

பெண்கள் சேருவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் விடமாட்டார்கள் என்று வருத்தப்படும் தங்கைமாரிடம் நாங்கள் சொல்வது: அம்மாவை ஒரு வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு வா. பயணத் திட்டம், யார் யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறோம், கழிவறை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு வீட்டு வாசலில் விடுவோம் என்பதை எழுத்தில் கொடுப்போம். கழிவறை விடயத்தைத் திட்டத்திலேயே எழுதாத குழுவோடு பெண்கள் போக வேண்டாம் என்பது என் கருத்து. அப்படி எங்களை விசாரிக்க வந்த ஓர் அம்மா, இப்போது மகள் வராத நாட்களிலும் வருகிறார். கட்டைச் சம்பல் அவருடையதுதான்.

கயிறு கட்டிப் பாறை ஏறுவதை நாங்கள் தனியாக வைத்திருக்கிறோம். முறையாகப் பயிற்சி பெற்ற இருவர் இருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் கயிறு பையை விட்டு வெளியே வராது. கூட்டத்தில் எட்டு முடிச்சை மேசைக் காலில் கட்டிப் பழகுவோம். ஏறும் முன் ஒருவர் மற்றவரின் கொக்கியையும் வாரையும் முடிச்சையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு அனுபவம் உள்ளவருக்கும் இதில் விலக்கில்லை. எப்போது வாங்கியது என்று தெரியாத இரவல் கயிற்றை ஒருபோதும் நம்ப வேண்டாம். நைலோன் வெயிலிலும் வயதிலும் வெளியே தெரியாமல் நலிந்துவிடும்.

புதிதாக வருபவரை முதலில் காலிமுகத்திடலிலும் பத்தரமுல்லைப் பக்கத்துச் சதுப்பு நிலப் பூங்காக்களிலும் நடக்க வைப்போம். மாடிக் குடியிருப்பில் இருப்பவர் இரண்டு வாரம் மின்தூக்கியை விட்டுப் படியில் ஏறி இறங்கினால் நல்லது. மலையில் தொடை நோவது இறங்கும்போதுதான். முதல் மலை பெரும்பாலும் பத்தலேகலை, வெள்ளைக்காரர் பைபிள் ரொக் என்று பெயர் வைத்த 798 மீற்றர்ப் பாறை. விடியலில் புறப்பட்டால் இருட்டுவதற்குள் கொழும்புக்குத் திரும்பிவிடலாம். அன்று புதியவருக்கு எங்கள் நடுவில்தான் இடம். சில பயணங்களுக்குப் பிறகு அவரைக் கடைசியாளாக நிறுத்துவோம். கையில் ஊதுகுழலும் முதலுதவிப் பையும் இருக்கும். ஆக மெதுவாக நடப்பவருக்குப் பின்னால், அவருடைய வேகத்திலேயே, ஒரு தடவைகூட "சீக்கிரம்" என்று சொல்லாமல் அன்று முழுவதும் நடக்க வேண்டும். அப்படி நடந்து காட்டியவரைத்தான் அடுத்த ஆண்டு முன்னால் நின்று வழிநடத்தக் கேட்கிறோம். வேகமாக ஏறுபவர்கள் பலர் இதனால் எங்களை விட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் சிலர் இப்போதும் வியாழக்கிழமை வடைக்கு வருகிறார்கள், அவர்களுக்கும் கதிரை இருக்கிறது.